பச்சைமலையில் இல்லாத பாம்பு

பச்சைமலையின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பாம்பு ஆராய்ச்சிப் புத்தகங்களில் இருக்கிறது. பாதி நம் மலையின் பெயர், பாதி லத்தீன் வால். அந்தப் பாம்பு பச்சைமலையில் பிறக்கவும் இல்லை, வளரவும் இல்லை. எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் குழியில்தான் கிடந்தது. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். சொல்லி என்ன பயன் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனால் கொளஞ்சியப்பன் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் இந்தப் பொய்யில் இருந்துதான் தொடங்க முடியும்.

அரியலூரில் இருந்து செந்துறை போகிற பாதையில் எங்கள் ஊர். நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். கடைக்கு எதிர் வீடு அவருடையது. கல் குழியில் வேலை. வெடி வைத்து வைத்து ஒரு காது மந்தமாகிப் போனதால் எதையும் உரக்கத்தான் பேசுவார். அவர் வீட்டில் குழம்புக்கு உப்பு பற்றவில்லை என்றால் தெருவுக்கே தெரியும். கோபக்காரர் என்று பெயர் வாங்கியது இந்தச் சத்தத்தால்தான். உண்மையில் மனைவி மலர்கொடி ஒரு பார்வை பார்த்தால் வாயை மூடிக்கொள்கிற ஆள்.

மலர்கொடிக்குப் பிறந்த ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கம், பச்சைமலை அடிவாரம். அவள் அண்ணன் மாயவன் அங்கே சோளமும் கம்பும் போடுகிற விவசாயி. எழுபத்து நாலாம் வருஷம் புரட்டாசியில் கொளஞ்சியப்பன் மச்சான் வீட்டுக்குப் போனார். திரும்பும்போது மலையடிவாரத்துக் கொல்லை ஒன்றில் சின்ன வெங்காயம் ஒரு சாக்கு வாங்கி, பஸ்ஸில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். அந்தச் சாக்கை நானே இறக்கி வைத்தேன். வெங்காயம் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழையில் மலர்கொடி செத்துப்போனாள்.

விடிகிற நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றாளாம். கண் இமை தானாக மூடிக்கொண்டது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். கொளஞ்சியப்பன் அடுப்பைப் பற்றவைத்து ஓமக் கஷாயம் போட்டு, தூக்கி உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்தார். தொண்டையில் இறங்கவில்லை, வாயோரம் வழிந்தது. பொழுது நன்றாக விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

முதல் நாள்தான் அவர்களுக்குள் சண்டை நடந்திருந்தது. அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்று அவள் சொல்ல, மழையில் எங்கே போவது என்று இவர் கத்த, தெருவே கேட்டது. மறுநாள் அவர் கையால் எதையோ குடித்துவிட்டுப் பெண் செத்தாள் என்றால் பிறந்த வீட்டார் என்ன நினைப்பார்கள்? குழிக்கு வெடி மருந்தும் வீட்டில், வயலுக்குப் பூச்சி மருந்தும் வீட்டில். மாயவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்னத்த மாப்ள கலக்கிக் குடுத்தீங்க?"

அடக்கம் முடிந்து, அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டும்போதுதான் பாம்பு விழுந்தது. சாம்பல் நிறம், விரல் தடிமன், வால் பக்கம் மட்டும் வெள்ளையாகச் சில கோடுகள். நாங்கள் கல்லுப்பாம்பு என்போம். கல் இடுக்கில் சுருண்டு, தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டு கிடக்கும். குழியில் வேலை செய்கிறவர்கள் கையால் எடுத்துத் தூர வீசுவார்கள். சீண்டினால்கூடக் கடிக்காது. நானே சின்ன வயதில் அதை வாலைப் பிடித்துச் சுழற்றியிருக்கிறேன்.

"இதான் மச்சான் அவள கடிச்சிருக்கு" என்றார் கொளஞ்சியப்பன்.

கூடியிருந்தவர்களில் ஒருவர் சிரித்தேவிட்டார். சாவு வீட்டில் சிரிப்பு. கல்லுப்பாம்பு கடித்துச் செத்தவன் என்று எங்கள் ஊரில் ஒருவனும் இல்லை. இருந்திருக்கலாம், தூக்கத்தில் போனான் என்று எடுத்துப் போட்டிருப்போம். அந்த அறிவு அன்றைக்கு யாருக்கும் வரவில்லை.

மாயவன் போலீசுக்குப் போகவில்லை. அதை நான் அவர் நல்ல குணத்தில்தான் சேர்க்கிறேன். அம்மாவும் போய், அப்பாவும் ஜெயிலுக்குப் போனால் குழந்தை கதி என்ன என்று யோசித்திருக்கிறார். ஆறு வயது ராசாத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொன்னார்:

"நீங்க ஒண்ணும் பண்ணலன்னு என்னைக்குத் தெரியுதோ, அன்னைக்கு வந்து புள்ளைய கூட்டிக்கிட்டுப் போங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். அது வரைக்கும் அவ எங்க வூட்டுல இருக்கட்டும்."

அதற்குப் பிறகு கொளஞ்சியப்பனுக்கு வாழ்க்கையில் ஒரே வேலை. கல்லுப்பாம்புக்கு விஷம் உண்டு என்று யாராவது படித்தவர் வாயால் சொல்ல வேண்டும். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார், பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனார். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அவரோ வழியில் போகிறவனிடமும் உரத்த குரலில் பாம்புக் கதை சொன்னார். பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் "கல்லுப்பாம்பு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முத்துசாமி வந்தது எழுபத்தாறில். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் வாத்தியார், சொந்த ஊர் வாலிகண்டபுரம். எங்கள் குழியில் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடைக்கும், அதைப் பார்க்க மாணவர்களை அழைத்து வந்தார். கொளஞ்சியப்பன் விடுவாரா? சிப்பியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, கல்லைப் புரட்டி ஒரு பாம்பைக் காட்டினார்.

"சார், இதுக்கு வெஷம் இருக்கா இல்லியா, பாத்துச் சொல்லுங்க."

முத்துசாமி குனிந்து பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவே இல்லை. முதுகின் நடுவே ஓடுகிற செதில் வரிசை மற்ற வரிசைகளைவிடப் பெரிதாக இருந்தது. அது கட்டுவிரியன் வகையறாவின் அடையாளமாம். ஆனால் கட்டுவிரியனுக்கு உடம்பு முழுக்க இருக்க வேண்டிய வெள்ளைக் கட்டு இதற்கு இல்லை. இது கட்டுவிரியனுக்குப் பங்காளியே தவிர கட்டுவிரியன் இல்லை என்றார். பகலில் சோம்பிக் கிடக்கும், இருட்டினால்தான் அதற்கு உயிர் வரும், கடித்தாலும் வலி தெரியாது என்றும் சொன்னார்.

அன்று முதல் லீவு விட்டால் முத்துசாமி எங்கள் ஊரில்தான். கொளஞ்சியப்பன் பிடித்துப் பானையில் போட்டுக் கொடுப்பார். முத்துசாமி ஒன்றைக் கொன்று ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு, இனி இந்த ஜாதிக்கு இதுதான் மாதிரி, இதை வைத்துத்தான் பெயர் வைப்பது என்றார். ஊசி முனையால் வயிற்றுச் செதில்களை எண்ணுவார், தப்பிப்போனால் மறுபடி தலையில் இருந்து தொடங்குவார். கொளஞ்சியப்பன் வீட்டிலேயே கம்பங்கூழ் குடித்தார், அவர் பாயிலேயே படுத்தார், அவரை "அண்ணே" என்று கூப்பிட்டார். நம்ம பக்கத்து ஆள், படித்தும் பவிசு காட்டாதவர் என்று எங்களுக்கெல்லாம் அவர்மேல் ஒரே பெருமை.

ஒரு நாள் பாம்பு இருந்த பெட்டிக்குள் எலியை விட்டுப் பார்த்தார். கடிபட்ட எலி கத்தவில்லை. கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு ஓரமாக ஒண்டியது, கண் சொருகியது, மூச்சு நின்றது. கொளஞ்சியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"இப்படித்தாங்க சார். இப்படியேதான். நான் கஷாயத்த ஊத்திக்கிட்டு இருந்தேனே."

முத்துசாமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அடுத்து நடந்த பேச்சு எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"அண்ணே, இது புது ஜாதி. உலகத்துல இதுவரைக்கும் யாரும் எழுதல. நான் எழுதப் போறேன். கொடிய வெஷம்னு எழுதுவேன். போதுமா?"

"எங்க ஊரு பேரு வருமா சார்?"

"வராம? பாம்பு எங்க கெடைச்சுதோ அந்த ஊர எழுதாம பேரே வைக்க முடியாது. அது விதி."

"எம் பேரெல்லாம் வேணாம் சார். இந்தக் குழியில இருக்கு, இதுக்கு வெஷம் இருக்கு. அத மட்டும் போட்டுடுங்க. எம் புள்ள எங்கிட்ட வந்துரும்."

"போட்டுடறேன்ணே. இது என் பொறுப்பு."

எழுபத்தேழில் ஒரு நாள். குழிக்கு மருந்து வாங்க அரியலூர் போயிருந்த கொளஞ்சியப்பனைப் பஸ் நிலையத்தில் தெரிந்த கண்டக்டர் கூப்பிட்டு, "அண்ணே, ஒங்க பாம்பு பேப்பர்ல வந்துருக்கு" என்றார். படம் போட்டிருந்தது. "கொடிய நஞ்சுள்ள புதிய பாம்பு கண்டுபிடிப்பு" என்ற தலைப்பை மட்டும் கண்டக்டர் படித்துக் காட்டி, பேப்பரை அவர் கையில் கொடுத்துவிட்டு விசில் ஊதிப் போய்விட்டார். கொளஞ்சியப்பனுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவருக்கு அந்தத் தலைப்பே போதுமானதாக இருந்தது. ஊருக்கு வந்து என்னிடம் காட்டக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. மகளுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து வேப்பந்தட்டை போய்விட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் மகள் ஜன்னல் ஓரமாக உட்காருவாளா, தன் மடியிலா என்று யோசித்துக்கொண்டே போனதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மாயவன் அவரை வாசலில் நிறுத்தவில்லை. உள்ளே உட்கார வைத்து மோர் கொடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எவ்வளவு பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று அந்த நேரத்தில் அவர் நினைத்திருக்க வேண்டும். கண்ணாடி இல்லாததால் நாலாவது படிக்கிற ராசாத்தியைக் கூப்பிட்டு, "சத்தமா படி கண்ணு" என்றார்.

அவள் விரல் வைத்துப் படித்தாள். கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்தது. கடித்தால் வலி இராது. இமை மூடிக்கொள்ளும், வயிறு வலிக்கும், சில மணி நேரத்தில் மரணம். கொளஞ்சியப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மாயவனின் மனைவி பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராசாத்தி மேலே படித்தாள். "இப்பாம்பு வேப்பந்தட்டை வட்டாரத்தில் உள்ள பச்சைமலை அடிவாரத்தில் மட்டுமே காணப்படுகிறது. சமவெளியில் வேறு எங்கும் இது இல்லை என்று பேராசிரியர் தெரிவித்தார். எனவே இதற்கு அந்த மலையின் பெயரே சூட்டப்பட்டுள்ளது."

கொளஞ்சியப்பனுக்கு முதலில் புரியவில்லை. நல்ல காதைத் திருப்பி இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பாவம், அதையும் அவரே கேட்டு வாங்கினார்.

மாயவன் பேப்பரை வாங்கி மடித்து வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொரட்டாசியில இங்க வந்தீங்களே மாப்ள. அடிவாரத்துக்குத் தனியா போயிட்டு ஒரு சாக்கோட பஸ் ஏறுனீங்களே. அதுல என்ன இருந்துச்சு?"

"வெங்காயம் மச்சான்."

"வெங்காயம் மட்டுமா?"

மூன்று வருஷமாக அந்த மனுஷன் ஊரெல்லாம் கத்தியது ஒன்றே ஒன்றுதான்: என் பெண்டாட்டியைக் கொன்றது இந்தப் பாம்பு. இப்போது எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். நம்பிய அந்த நிமிஷமே, பாம்பை மலையில் இருந்து கொண்டுபோனவன் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. விஷம் கலந்தான் என்பது வெறும் சந்தேகம். இதற்கோ அச்சில் ஆதாரம் இருந்தது, அதையும் அவரே கையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். பாவாடைத் துணியைப் பஞ்சவர்ணம் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் என் கடைக்கு வந்து பேப்பரை நீட்டினார். நான் படித்தேன். கடையைப் பூட்டிவிட்டு அவரையும் அழைத்துக்கொண்டு நேரே பெரம்பலூரில் முத்துசாமி குடியிருந்த வீட்டுக்குப் போனேன்.

அவர் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார். நடந்ததைச் சொன்னதும் முகம் சுருங்கியது. வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செருப்பு மாறிப்போனதற்குப் படுகிற வருத்தம்.

"வெளியூர்லேருந்து ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க இதே மாதிரி பாம்பத் தேடிக்கிட்டு அலையறாங்கண்ணே. குழி பேர போட்டிருந்தா ஒரே வாரத்துல வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிருப்பாங்க. என் அடுத்த வேலை கெட்டுப்போயிருக்கும். அதனால தள்ளி ஒரு எடத்த போட்டேன். எங்க தொழில்ல இது நடக்கறதுதான்."

"ஊரு பேரு எழுதாம பேரே வைக்க முடியாது, விதின்னு சொன்னீங்களே சார்?" என்று கேட்டார் கொளஞ்சியப்பன்.

"ஊரு பேரு எழுதியிருக்கேனே" என்றார் முத்துசாமி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த வீட்டில் அலமாரி முழுக்கப் பாட்டில்கள். ஒன்றைத் தூக்கி உடைத்திருப்பேன். கொளஞ்சியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாற்றி எழுத முடியுமா என்று கேட்டார். எழுதினால் பொய் எழுதியவன் என்று ஆகிவிடும், வேலைக்கே ஆபத்து என்றார் முத்துசாமி. அப்படியே எழுதினாலும் பெயரை மாற்ற முடியாதாம். ஒரு தரம் முறைப்படி வைத்த பெயர், இடம் தப்பு என்று தெரிந்தாலும் நிலைத்துவிடுமாம். உலகம் முழுவதற்கும் அதுதான் விதியாம். தனக்கு வேண்டிய விதி எது, வேண்டாத விதி எது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அப்ப எழுத வேணாம் சார்" என்றார் கொளஞ்சியப்பன். "எங்கூட வந்து எம் மச்சான்கிட்ட வாயால சொல்லுங்க. வூட்டுக்குள்ள ஒக்காந்து சொன்னா வெளிய யாருக்குத் தெரியப் போவுது?"

முத்துசாமி கொஞ்சம் யோசித்தார். "சரிண்ணே. ஞாயித்துக்கெழம காலைல வேப்பந்தட்டை பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கொளஞ்சியப்பன் மடியில் ஒரு சின்னப் பானை, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. மச்சான் வீட்டுக்கு நெய் கொண்டு போகிறார் போல என்று நினைத்தேன். பெரம்பலூர் தாண்டிய பிறகுதான் என் காதோரம், அவர் அளவுக்கு மெதுவாகச் சொன்னார்.

"கல்லுப்பாம்பு தம்பி. நம்ம குழியில நேத்து புடிச்சது. சார் இத வச்சுக்கிட்டு, இது அரியலூர்ப் பக்கத்துப் பாம்புன்னு சொன்னா அப்புறம் யாரு மறுக்கப் போறா?"

நான் அவரைவிட்டுச் சற்றுத் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தேன். பயம் ஒரு பக்கம், சார் வந்தால் அதுவும் நல்லதுதானே என்ற எண்ணம் ஒரு பக்கம்.

சார் வரவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கொளஞ்சியப்பன் எழுந்து நின்று இறங்குகிறவர்களைப் பார்த்தார். வெயில் ஏறி, டீக்கடைக்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார். மத்தியானம் கடந்ததும் நான், "வாங்கண்ணே, திரும்பிடலாம்" என்றேன். அவர் பானையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார்.

"வந்தது வந்தாச்சு. பாம்பு இருக்கு, நீ இருக்க. போதும்."

மாயவன் வீட்டு முற்றத்தில் பானையை இறக்கி வைத்துத் துணியை அவிழ்த்தார். பஞ்சவர்ணம் கத்திக்கொண்டு பின்னால் போனாள். மாயவன் ராசாத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பானைக்குள் அது தலையை ஒளித்துக்கொண்டு சும்மா சுருண்டு கிடந்தது.

"எங்க குழியில புடிச்சது மச்சான். பேப்பர்ல போட்டது பொய். தம்பிய கேளுங்க."

மாயவன் என்னைப் பார்த்தார். "நீங்க பாக்கும்போது புடிச்சாரா?"

"இத புடிக்கும்போது நான் பாக்கலீங்க. ஆனா எங்க குழியில சின்ன வயசுலேருந்து எத்தனையோ பாத்திருக்கேன்."

"பேப்பர்ல போட்டவரு படிச்சவரு. நீங்க அவருக்குப் பக்கத்து வூடு" என்றார் மாயவன். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

கொளஞ்சியப்பன் மச்சானை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பிக் குந்தி உட்கார்ந்தார். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை நம்பவைத்துவிட்டால் போதும் என்ற முகம். ராசாத்தி மாமாவின் கையை விட்டு ஓரடி முன்னால் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இத ஊருலேருந்து பஸ்லயா கொண்டாந்த அப்பா?"

மகள் தன்னோடு பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது. வழக்கம்போல் உரக்கச் சொன்னார்.

"ஆமா கண்ணு. மூணு பஸ் மாறி. பக்கத்துல ஒக்காந்தவங்களுக்குக்கூடத் தெரியல."

அவள் பானையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் யாருக்கும் தெரியாம கொண்டு போனியா?"

கொளஞ்சியப்பன் துணியை எடுத்துப் பானையின் வாயைக் கட்டத் தொடங்கினார். காது மந்தம் என்பதால் கேட்கவில்லையோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்குக் கேட்டிருந்தது. ராசாத்தி பதிலுக்கு நிற்கவில்லை. அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.